தேர்வும் தளையும்

'வெண்பா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு 2023 ஜூலையில் வெளிவந்தபோது ஒரே மூச்சில் ஆடி முடித்துவிட்டு, இது ஏமாற்று என்று நண்பர்களிடம் தீர்ப்புச் சொன்னவன் நான். பதில்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகிறது, பிறகு எதற்குத் தேர்வு என்பது என் வாதம். சமீபத்தில் மறுபடி ஆடிப் பார்த்தேன். வாதத்தில் பிழையில்லை, கேட்ட கேள்விதான் பிழை என்று இப்போது படுகிறது. இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஆடுபவன் தேர்ந்தெடுக்க எதுவுமில்லாத விளையாட்டு நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் தாயக்கட்டை உருண்டு விழுவதுதான் எல்லாம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஆனால் அந்தப் புண்ணியத்தையோ பாவத்தையோ அங்கே யாரும் செய்வதில்லை. கட்டத்தில் வந்து விழுகிறார்கள்.

இதற்கு நேரெதிராக, ஆடுபவனைப் பார்த்து 'என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்ட கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு முன்னோடி 'அட்வென்ச்சர்'. 1976 வாக்கில் வில் கிரௌதர் என்ற அமெரிக்கப் புரோகிராமர் எழுதியது. படம் கிடையாது, எழுத்து மட்டும். ஓரிரு சொல்லில் கட்டளை தட்டினால் அடுத்து என்ன நடந்தது என்று மெஷின் சொல்லும். கிரௌதரும் மனைவி பாட்ரிஷியாவும் கெண்டக்கியின் மாமத் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் தயாரித்தவர்கள். மணமுறிவுக்குப் பின் தம் இரண்டு மகள்களுக்காக கிரௌதர் அந்தக் குகையைச் சொற்களில் இறக்கிவைத்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்து, 350 மதிப்பெண் கொண்ட பந்தயமாக்கினார். உலகம் ஆடியது வுட்ஸின் வடிவத்தைத்தான். கிரௌதரின் மூலம் தொலைந்துபோனது என்றே பலரும் நினைத்திருக்க, 2005இல் பழைய சேமிப்பு ஒன்றிலிருந்து அது மீட்கப்பட்டது. அதில் மதிப்பெண்ணே இல்லை. ஓர் அப்பா தான் நடந்த இருட்டுக்குள் மகள்களை அழைத்துப் போகிறார், அவ்வளவுதான். குகையை அவர்கள் மாற்றமுடியாது. எந்தப் பக்கம் திரும்புவது என்பது மட்டும் அவர்களுடையது.

பின்னால் வந்தவர்கள் பந்தயத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். விளைவை மாற்றும் தேர்வே தேர்வு என்று நாமும் பழகிவிட்டோம். ஒரு விளையாட்டுக்கு எத்தனை முடிவுகள் என்று விளம்பரத்தில் எண்ணிச் சொல்கிறார்கள். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் 'வெண்பா'விடம் போனேன்.

டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா பரிசு பெற்றது. கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியின் கதை 1988இல் தொடங்குகிறது. மகன் கவின் அங்கேயே பிறக்கிறான். ஆடுபவன் வேலை சமையல். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லி ஊற்றவேண்டும், புட்டு அவிக்கவேண்டும், பிரியாணி செய்யவேண்டும். தவறினால் மறுபடி செய்யலாம். நடுநடுவே பேச்சு. ஊருக்கே திரும்பிவிடலாமா, இருக்கலாமா? எந்தப் பதிலைத் தொட்டாலும் அவர்கள் இருந்துவிடுகிறார்கள். மகன் தமிழிலிருந்து நழுவுகிறான். ஒருநாள் அவன் வருவான் என்று அம்மா வகைவகையாகச் சமைத்து வைக்கிறாள். அவன் வருவதில்லை.

எங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு ரோடுகள். ஒன்று குன்னூர் வழி, மற்றது கோத்தகிரி வழி. இரண்டும் ஊட்டிக்குத்தான். அதனால் எந்த வழியில் போனோம் என்பது ஒன்றுமில்லாததாகிவிடாது. பார்த்த பள்ளத்தாக்கு வேறு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு, வாந்தியெடுத்த வளைவு வேறு. மகனுக்குச் சொன்ன பதில் அவனைத் திருப்பவில்லை. ஆனால் அதைச் சொன்னது நான். அவன் வராத அன்று சோற்றின் முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பதில்தான். முதல் தடவை ஆடியபோது இது எனக்கு உறைக்கவில்லை, கதையை மாற்றுவதிலேயே குறியாக இருந்ததால்.

பெயரையும் நான் கவனித்திருக்கவேண்டும். நம் பாவகைகளில் தேர்வுக்கு மிகக் குறைந்த இடம் விடுவது வெண்பா. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். வேற்றுத் தளை விரவக்கூடாது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகவே முடியவேண்டும். புதுக்கவிதைக்காரர்களாகிய நாம் தளையை உடைத்து வந்தவர்கள், சரி. ஆனால் உடைத்ததாலேயே சுதந்திரம் கைக்கு வந்துவிட்டதாகவும், தளைக்குள் இருந்தவர்களுக்குத் தேர்வே இருக்கவில்லை என்றும் சேர்த்து நினைத்துக்கொண்டோம். பிழைக்கப்போன நம்மவர் பலருக்கு எங்கே போய் முடியும் என்பது தம் கையில் இருக்கவில்லை. அடுத்த சீரை எப்படி வைப்பது என்பது இருந்தது. அந்த அளவு சுதந்திரத்தை அற்பம் என்று சொல்ல நாம் யார்?

பிற்பகுதியில் ஒரு கட்டத்தில் ஆடுபவன் கவினாகிறான். கணவனை இழந்த அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். அதே நோட்டு இப்போது அவன் கையில். தமிழைத் திணறித் திணறித்தான் வாசிக்க முடிகிறது. கிரௌதரின் மகள்கள் அப்பா எழுதிவைத்த குகைக்குள் நடந்தார்கள். இவன் பாட்டியின் அடுப்படிக்குள் நடக்கிறான். நடந்துபோன எதையும் இவன் மாற்றமுடியாது. நோட்டை மூடிவைத்துவிடலாம், ஆனால் எழுத்துக் கூட்டிக்கூட்டிச் சமைக்கிறான்.

என் பழைய தீர்ப்பை இத்துடன் வாபஸ் பெறுகிறேன்.