வாத்தியாருக்கு வந்த பாடம்

ஆஸ்கார் வைல்டின் பெயரைக் கேட்டிராத கதைப் பிரியர்கள் குறைவு. அவருடைய தகப்பனார் வில்லியம் வைல்டு டப்ளின் நகரத்தில் பேர்பெற்ற கண் வைத்தியர். வைத்தியம் பார்த்த நேரம் போக, கிராமத்து ஜனங்களின் பழங்கதைகளையும் நம்பிக்கைகளையும் திரட்டுவதில் அவருக்கு அலாதிப் பிரியம். 1852-ஆம் வருஷம் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. நான் படித்த எத்தனையோ கதைகள் மறந்துவிட்டன; இது மட்டும் மறக்கவில்லை.

மேற்கு அயர்லாந்தில் ஒரு குடிசை. வந்திருக்கும் புது மனிதரைப் பார்க்கக் குழந்தைகள் கூடி நிற்கின்றன. எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் சகோதரியிடம் ஐரிஷ் பாஷையில் ஏதோ சொல்கிறான். சொன்னவன், தகப்பனின் கண்ணைப் பார்த்ததும் ஒடுங்கிப் போகிறான். தகப்பன் அதட்டவில்லை. பையனை அருகில் அழைத்து, அவன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய சிறு குச்சியை வெளியே எடுத்து, பேனாக்கத்தியால் அதில் ஒரு கீறல் போடுகிறான். கீறல்கள் இத்தனை என்று சேர்ந்ததும் பள்ளிக்கூடத்து வாத்தியார் அடிப்பார். குற்றம், ஐரிஷ் பேசியது!

அந்தத் தகப்பனுக்கோ ஐரிஷைத் தவிர வேறு பாஷை சரியாக வராது. ‘உனக்கு இந்தப் பாஷைமேல் பிரியம் இல்லையா?’ என்று வைல்டு கேட்கிறார். பிரியம் இல்லாமல் என்ன, தன் முன்னோர் எல்லாரும் பேசிய பாஷை ஆயிற்றே என்று அவன் கண்கள் பளிச்சிடச் சொல்கிறான். ஆனால் பிள்ளை படித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் கிடையாது. வேறு என்ன செய்வது?

ஒரு பாஷையைப் பகைவன் அழித்தான் என்று சொல்லுவது சுலபம். பிரியமுள்ள தகப்பனே கத்தியைக் கையில் எடுத்தான் என்பதைச் சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

பிரிட்டிஷ் சர்க்கார் 1831-இல் அயர்லாந்து முழுவதற்கும் ஆரம்பப் பள்ளிகளை ஏற்படுத்தியது. அங்கே போதனை எல்லாம் இங்கிலீஷில். 1845-இல் உருளைக்கிழங்கு அழுகி மகா பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழை ஜனங்கள் நிறைந்த மேற்கும் தெற்கும்தான் அதிகம் அடிபட்டன. ஊரில் மிஞ்சியவர்களுக்கும், அமெரிக்காவில் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு இங்கிலீஷே சோறு போடும் என்று தோன்றியது. 1851-ஆம் வருஷக் கணக்கில் ஐரிஷ் அறிந்தவர்கள் சுமார் 15 லட்சம். நாற்பது வருஷத்தில் அது 6 லட்சத்து 80 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் விழிப்பு வந்தது. 1893-இல் டக்ளஸ் ஹைடு முதலானவர்கள் கேலிக் லீக் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். நகரத்துக் குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் மாலை வேளைகளில் பெஞ்சியில் உட்கார்ந்து பாட்டியின் பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். 1904-இல் கார்க் ஜில்லாவில் பாலிங்கியரி என்ற கிராமத்தில், உபாத்தியாயர்களுக்கு ஐரிஷ் சொல்லிக் கொடுப்பதற்காகவே ஒரு கோடைக் கல்லூரி தோன்றியது. அதுவரை எல்லாம் ஆசையினால் நடந்தது.

1922-இல் சுதந்திர ராஜ்யம் பிறந்தது. ஆசை சட்டமாயிற்று. அந்த வருஷம் மார்ச் 17-ஆம் தேதி முதல், கற்பிக்கத் தெரிந்த உபாத்தியாயர் உள்ள ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியிலும் தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஐரிஷ் இருக்க வேண்டும் என்று உத்தரவு. தேதியைக் கவனித்தீர்களா? அது பாட்ரிக் முனிவரின் திருநாள். நாள் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஆள் வேண்டுமே! சுமார் 12,000 உபாத்தியாயர்களில் இரண்டு பாஷையிலும் கற்பிக்கத் தகுதிப் பத்திரம் பெற்றவர்கள் ஏறக்குறைய 1,100 பேர்தான்.

ஆகவே, நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட உபாத்தியாயர்கள் கோடைக்கால வகுப்புகளுக்கு வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இதைப் படித்தபோது நான் என் வயதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். அகப்பட்டுக்கொண்டிருப்பேன்! ஜூன் 28-ஆம் தேதி டப்ளினில் பீரங்கி வெடித்து உள்நாட்டுப் போர் மூண்டது. பாலங்களையும் ரயில் பாதைகளையும் தகர்த்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில்தான், இருபது வருஷம் பிரம்பு பிடித்த வாத்தியார்கள் சிலேட்டுப் பையன்களைப் போல வகுப்புக்குப் போனார்கள். மறு வருஷம் அவர்கள் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டு விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாஷை லேசானதும் அல்ல. வினைச்சொல் முதலில் வந்து நிற்கும். சொல்லின் தலையெழுத்தே மாறிவிடும்: அம்மாவுக்கு ‘மாஹிர்’ என்று பெயர், ‘என் அம்மா’ என்றால் ‘மோ வாஹிர்’. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லத் தனிச் சொற்களே கிடையாது. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘எனக்குப் புத்தகம் உண்டு’ என்பதை ‘இருக்கிறது புத்தகம் என்னிடம்’ என்று சொல்லுவார்கள். தமிழ்க் காதுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாம் தினம் பேசுகிற மாதிரிதான். இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்து நாற்பது வயதான மனிதருக்கோ நாக்கும் மூளையும் சேர்ந்து புரண்டு கொடுக்க வேண்டும்.

கோடை முடிந்து வகுப்புக்குத் திரும்பியவர், பிள்ளைகளைவிட ஒரு பாடம்தான் முந்தியிருப்பார். அவர்தான் இனிச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எல்லாவற்றையும் ஐரிஷிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்! வீட்டில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிராத குழந்தைகள் அவை. பள்ளிக்கூடம் ஒன்றே பாஷையை மீட்டுவிடும் என்று யோசனை சொன்ன பேராசிரியர் கார்க்கரன் பாதிரியாருக்கு ஐரிஷ் பேச வராது. 1941-இல் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் சங்கம் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த முறையால் நன்மை இல்லை என்பதே பெரும்பாலோர் அபிப்பிராயம். சர்க்கார் செவி சாய்க்கவில்லை. குடிசையில் தகப்பன் தொடங்கிய காரியத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரே திருத்திவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால், மனிதர் என்னதான் செய்வார்?

அப்படியானால் இந்த முயற்சி எல்லாம் வீண்தானா? அப்படிச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் டேனியல் கார்க்கரி என்ற ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். கார்க் நகரத்துக்காரர். இருபது வயதைத் தாண்டிய பிறகு, கேலிக் லீக்கில் சேர்ந்து ஐரிஷ் படித்தவர். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வகுப்பில் ஓர் ஏழைப் பையன் இருந்தான். அவனுடைய பாட்டிக்கு ஐரிஷ் பிறந்த பாஷை. ஆனாலும் அந்தப் பாஷையின்மேல் அவனுக்கு ஆசை மூட்டியது வாத்தியார் எழுதிய கரும்பலகைதான். உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு வெளியே வந்ததும், அந்தப் பையன் கொஞ்ச காலம் ஐரிஷ் கற்பித்தே பிழைத்தான். பிற்பாடு பிராங்க் ஓ’கானர் என்ற பெயரில் உலகம் போற்றும் சிறுகதைகளை எழுதினான். பழைய ஐரிஷ் கவிதைகளை இங்கிலீஷில் பெயர்த்தான். பெரிய வயதில் தட்டுத் தடுமாறிக் கற்ற ஒருவர், வீட்டுக்குள்ளேயே இருந்த பாட்டியைப் பேரனுக்கு அறிமுகம் செய்து வைத்துவிட்டார்!

இன்றைக்கும் கதை தொடர்கிறது. ஐரிஷில் தேறாவிட்டால் பள்ளியிறுதிப் பத்திரமே இல்லை என்ற விதியை 1973-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐரிஷின் உயர்நிலைத் தாளில் நூற்றுக்கு அறுபதாவது வேண்டும் என்று 2019-இல் விதியை இறுக்கினார்கள். பாங்கியிலோ கடையிலோ பத்து வருஷம் உழைத்துவிட்டு, ‘வாத்தியாராகப் போகலாம்’ என்று ஆசைப்படுகிறவர், பள்ளி நாளில் வெறுத்து மூடிய புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. 2022-ஆம் வருஷக் கணக்கில், ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதைத் தினம் பேசுகிறவர்கள் 72 ஆயிரத்துக்குள்தான்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பரீட்சையினால் கடக்க முடியாது. அன்று குச்சியில் கீறல்; இன்று விடைத்தாளில் மார்க்கு. இரண்டும் எண்ணிக்கைதான். பயத்தினால் ஒரு பாஷையை விரட்ட முடிந்தது. பயத்தினால் அதைத் திரும்ப அழைக்க முடியவில்லை.

ஆனாலும், ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து ‘மோ வாஹிர்’ என்று உருப்போடும் அந்த நடுவயது மாணவரை நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்தில் அவருடைய எட்டு வயதுப் பையன் நின்று வேடிக்கை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லி, தகப்பன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். அப்போது அந்தத் தகப்பன் சிரித்தால் போதும்.