சில்லறை சிகரெட்டும் சிஸ்டர் கேட்ட கேள்வியும்

இந்த எபிசோடுக்கான குறிப்புகளை நான் எழுதியது திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில். சாயங்காலம் நாலு மணி. காலேஜ் பசங்க மூணு பேர் பைக்கில் வந்து இறங்கினாங்க. "அண்ணே, மூணு டீ, ரெண்டு கிங்ஸ்." கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ரெண்டு சிகரெட்டை உருவிக் கொடுத்தார். பாக்கெட் கடைக்குள்ளேயே இருந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்னைக்குக் கதை அதைச் சுத்தித்தான்.

முதலில் கொஞ்சம் பின்னாடி போகலாம். புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த வேகத்தில் நம்மோடு ஒட்டிக்கொண்டது. எந்த அளவுக்கு என்றால், சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூல் எழுதினார். அன்னம், கிளி, மேகம் போன வழியில் புகையிலையும் போனது! அதை ஒரு கெட்ட பொருளாகப் பார்க்கிற காலம் இன்னும் வரவில்லை.

அந்தக் காலம் 1950இல் வந்தது. ரமண மகரிஷி இதே ஆசிரமத்தில் மறைந்தது அந்த வருடம் ஏப்ரல் 14ஆம் தேதி. அடுத்த சில மாதங்களில், செப்டம்பரில், லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிகரெட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அந்த ஆராய்ச்சி நடக்கும்போதே டால் தன்னுடைய சிகரெட்டை விட்டுவிட்டார். பிறகு சுமார் 40,000 பிரிட்டிஷ் டாக்டர்களைப் பின்தொடர்ந்து, 1954இல் அதே முடிவை இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். அதே 1954இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட் ஆரம்பமானது.

ஆக, சிகரெட் கெடுதல் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் அரசாங்கங்கள் செய்த முதல் வேலை, எச்சரிப்பது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் பொது இடங்களில் புகைப்பதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2003இல் புதுச் சட்டம்: கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் கொடுக்கக் கூடாது. 2009இல் பாக்கெட்டில் படம் வந்தது. 2016இல் படமும் வாசகமும் சேர்ந்த எச்சரிக்கை பாக்கெட்டின் முன், பின் பக்கங்களில் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பலன் இல்லாமல் இல்லை. 2009-10 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 34.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17இல் அது 28.6 ஆக இறங்கியது.

ஆனால், எச்சரிப்பது வேறு, உதவுவது வேறு. "விடு, விடு" என்று எல்லாரும் சொன்னாங்க. எப்படி விடறது என்று சொல்ல ஆள் வந்தது ரொம்பத் தாமதமாக.

2002இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியா 13 இடங்களில் புகையிலை நிறுத்த உதவும் மையங்களைத் தொடங்கியது. அதில் ஒன்று அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். லண்டன் கட்டுரை வந்து 52 வருஷம் கழித்து! 2016இல் இலவசத் தொலைபேசி உதவி வந்தது: 1800-11-2356. பெங்களூரு நிம்ஹான்ஸும் பிறகு அதில் சேர்ந்ததால் தமிழிலேயே பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து அந்த எண் பாக்கெட்டில் அச்சாகிறது.

இப்போ பெஞ்சுக்குத் திரும்பி வருவோம். பாக்கெட் கடைக்குள்ளே இருக்கிறது. படம் அதில். எச்சரிக்கை அதில். உதவி எண்ணும் அதில். பையன் கையில் இருப்பது ஒரே ஒரு வெள்ளைக் குச்சி. அரசாங்கம் இத்தனை வருஷமாக எழுதின கடிதம் அவன் கைக்கு வந்து சேரவே இல்லை.

அப்படியென்றால் அவனிடம் யார் போய்ப் பேசுவது? என் கதையில் அது ஒரு நர்ஸ்.

காலேஜ் மூணாவது வருஷம், விடாத இருமலோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மருந்து எழுதினார், அவ்வளவுதான். வெளியே பிரஷர் பார்த்த சிஸ்டர்தான் கேட்டாங்க: "தம்பி, காலையில எழுந்து எவ்ளோ நேரத்துல மொத சிகரெட்?" எத்தனை பிடிக்கிறே, ஏன் பிடிக்கிறே, வீட்டுக்குத் தெரியுமா, எதுவும் கேட்கலை. "பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி, சிஸ்டர்" என்றேன். "அப்ப உனக்குப் பழக்கம் இல்லப்பா, உடம்பே கேக்குது. திட்டினா போகாது. ஒரு நாள் குறிச்சிக்கோ, அன்னைக்கி நிறுத்து. அடுத்த வாரம் வந்து பாரு."

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஸ்வீடன்காரர் ஃபாகர்ஸ்ட்ராம் 1978இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலிலிருந்து வந்தது அது. எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு நிகோடின் பிடி மிக அதிகம். சிஸ்டர் சொன்ன நிகோடின் சூயிங்கமும் ஸ்வீடன் சரக்குதான். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலையை மெல்வதைப் பார்த்த ஒரு ஆராய்ச்சியாளர், 1967இல் ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளருக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்னோவே பெரிய புகைப் பிரியர். பத்து வருஷ உழைப்புக்குப் பிறகு, 1978இல் அந்தக் கம் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது.

அதை எப்படி மெல்வது என்றும் சிஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தாங்க. சாதா சூயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. நாலு மெல்லு, சுருக்கென்று காரம் வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வை. முக்கியமாக, டீ குடித்துக் கால் மணி நேரம் ஆகும் வரை வாயில் போடாதே. டீ, காபி குடித்த வாயில் நிகோடின் சரியாக இறங்காது. யோசிச்சுப் பாருங்க, டீயும் தம்மும் ஜோடி. கம் அந்த ஜோடியைப் பிரிக்கச் சொல்லுது!

நான் ஒரு பௌர்ணமியைக் குறித்தேன். மூணாவது நாளே தோற்றேன். வெட்கத்தோடு போனால், "மூணு நாள் இருந்தியா? போன வாரம் மூணு மணி நேரம் இருந்தியா?" என்று சிரிச்சாங்க. அந்த ஏக்கம் சில நிமிஷத்தில் தணிந்துவிடும், முதல் சில நாட்கள்தான் மோசம், ரெண்டு மூணு வாரத்தில் உடம்பு பெரும்பாலும் அடங்கும் என்றார்கள். நாலாவது முயற்சியில் நின்றது.

இது என் ஒருவனின் அதிர்ஷ்டம் இல்லை. நர்ஸ்கள் தரும் உதவியைப் பற்றிய 44 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2017இல் வந்தது. வழக்கமான கவனிப்பில் 100 பேர் விடுகிற இடத்தில், நர்ஸ் கூட நின்றால் சுமார் 129 பேர் விடுகிறார்கள்.

நம்மிடம் நர்ஸ்களுக்குக் குறைவில்லை. இங்கிருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற வேலூர் சி.எம்.சி.யில் 1946இலேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர், சுகர் பார்க்கவே ஸ்டாஃப் நர்ஸ் இருக்கிறார். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நடுவயசுக்காரர்கள். 19 வயசுப் பையன் அங்கே போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் அந்த சிஸ்டர் காலேஜுக்கு வந்து உட்கார்ந்தால் என்ன? புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, திட்டாத ஒரு குரல் போதும்.

அதுவரைக்கும், சில்லறையில் வாங்குகிறவர்களுக்காக, பாக்கெட்டில் இருக்கும் எண்ணை நான் இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்: 1800-11-2356. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.