போர்க்கால வேண்டுதல் (பெங்களூரு)

படைக்குப் போன மகனோ கணவனோ உடன்பிறந்தவனோ உயிரோடு திரும்பவேண்டும் என்று வீட்டார் தெய்வத்தை வேண்டுவதும், அதற்காக நேர்ந்துகொள்வதும் போர்க்கால வேண்டுதல் எனப்படும்.

தமிழில் இதற்கு மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் உள்ளது. தலைவன் போர்மேல் சென்றிருக்க, முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுது நற்சொல்லுக்குக் காத்து நிற்கிறார்கள். குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடைமகள், தவிக்கும் கன்றிடம் தாய்ப்பசு வந்துவிடும் என்கிறாள். அதையே தலைவன் திரும்புவதற்கான நல்வாக்காகக் கொள்கிறார்கள்.

பெங்களூருவின் பெயரைத் தாங்கிய பேகூர்க் கல்வெட்டும் (சுமார் பொ.ஆ. 890) ஒரு போர்ச்சாவையே சொல்கிறது. இறந்தவர் கங்கர் அதிகாரி நாகத்தரனின் மகன் என்றும், வீட்டு ஏவலர் என்றும் இருவிதமாகக் கூறுவர்.

விரிவான சான்றுகள் 1809இல் பிரிட்டிஷாரின் படைக் குடியிருப்பான கன்டோன்மென்ட் பெங்களூருவில் அமைந்த பிறகே தொடங்குகின்றன. 1780இல் உருவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு பின்னர் அல்சூர் ஏரிப் பக்கம் நிலைகொண்டது. அதன் வீரர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப்பெயர்.  அல்சூர் சோமேஸ்வரர் கோயில் போன்ற கோயில்களில் போர்முனையில் இருப்பவன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தாய் அர்ச்சனை செய்வாள். ஆள் எங்கோ இருக்க, அவன் பெயர் மட்டும் கருவறைக்குள் ஒலிக்கும். வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பதும் வழக்கம்; அவன் வந்த பிறகே முடிச்சு அவிழும். சிவாஜிநகர் தூய மரியன்னை ஆலயத்தில் புடவை உடுத்திய மாதாவிடம் மதம் பாராமல் வேண்டிக்கொள்கிறார்கள். திருவிழா செப்டம்பர் 8.

இரு உலகப் போர்களின்போது இந்த வேண்டுதல் கடல்கடந்த களங்களை நோக்கியதாயிற்று. 1915 ஜனவரி 3 பிரிட்டிஷ் பேரரசெங்கும் பொது மன்றாட்டு நாளாக அனுசரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் படையின் களத்தபால் அட்டையில் 'நலம்', 'மருத்துவமனையில் இருக்கிறேன்' போன்ற வரிகள் அச்சாகியிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் மட்டுமே இடலாம். ஒரு சொல் கூடினாலும் அட்டை அழிக்கப்படும். அடிக்கப்படாமல் மிஞ்சிய அந்த ஒரு வரிக்காகவே குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன.

எல்லா வேண்டுதலும் பலிக்கவில்லை. 1918 செப்டம்பர் 23 ஹைஃபா போரில் பங்கேற்ற மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படையில் உயிரிழந்தவர்களுக்குப் பெங்களூருவில் நினைவுத்தூண் உண்டு. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோ அருகே, மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன் தோழர்களைக் காக்கக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவரே.

சீனாவுடனான 1962 போரிலும், பாகிஸ்தானுடனான 1965, 1971, 1999 போர்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

2025 மே மாதம் பாகிஸ்தானுக்கு எதிரான இந்தியாவின் 'ஆபரேஷன் சிந்தூர்' ராணுவ நடவடிக்கை நடந்தபோது, வீரர்களின் நலனுக்காக அறநிலையத் துறைக் கோயில்களில் சிறப்புப் பூசை நடத்தக் கர்நாடக அமைச்சர் ராமலிங்க ரெட்டி உத்தரவிட்டார். மசூதிகளில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது துவா செய்யுமாறு அமைச்சர் ஜமீர் அகமது கான் கேட்டுக்கொண்டார்.