சொல்லைச் சுமந்த தூதர்

முடிசூடிய மன்னர்களையும் படை நடத்திய தலைவர்களையும் வரலாறு மறப்பதில்லை. அவர்களுக்கிடையே அமர்ந்து, ஒருவர் சொல்லை மற்றவர் செவியில் சேர்த்தவர்களையோ எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கப்பட்டவருள் ஒருவர் அமெரிக்கத் தூதர் வில்லியம் எட்டி.

1896-ஆம் ஆண்டு, லெபனானின் ஸைதா நகரில், அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியரின் மகனாகப் பிறந்தார் எட்டி. வீட்டில் ஆங்கிலமும் தெருவில் அரபியும் கேட்டு வளர்ந்தவர். முதல் உலகப் போரில் மரைன் படையில் சேர்ந்து பிரான்ஸில் போரிட்டார். அங்குப் பட்ட காயம் அவர் நடையை வாழ்நாள் முழுவதும் தளர்த்தியது. பின்னர் முனைவர் பட்டம் பெற்றார். கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். தாய்நாடு திரும்பி ஹோபார்ட் கல்லூரியின் தலைவரானார். இரண்டாம் உலகப் போர் அவரை மீண்டும் சீருடை அணியச் செய்தது. 1944-இல் சவூதி அரேபியாவுக்கு அமெரிக்காவின் தூதராக ஜித்தா வந்து சேர்ந்தார்.

அவர் வாழ்வின் பெருநாள் 1945 பிப்ரவரி 14. யால்டா மாநாட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அதிபர் ரூஸ்வெல்ட், சூயஸ் கால்வாய் வழியிலுள்ள பெரிய கசப்பேரியில், 'குயின்ஸி' என்னும் போர்க்கப்பலில் மன்னர் இப்னு ஸுஊதைச் சந்தித்தார். மன்னர் ஜித்தாவிலிருந்து 'மர்ஃபி' என்னும் மற்றொரு போர்க்கப்பலில் வந்தார். அதன் தளத்தில் அவருக்காகக் கூடாரம் எழுந்தது. உணவுக்கென ஆடுகளும் உடன் ஏற்றப்பட்டன. உடன் பயணம் செய்து இரு தரப்பாரின் வழக்கங்களையும் இணக்கியவர் எட்டியே. நடக்க இயலாத அதிபர், கால் நோவால் வருந்திய மன்னருக்குத் தம் சக்கர நாற்காலிகளுள் ஒன்றையே பரிசளித்தார். மன்னர் முன் ஒரு காலை மண்டியிட்டு எட்டி மொழிபெயர்க்கும் காட்சியைப் புகைப்படம் இன்றும் காட்டுகிறது.

பேச்சு பலஸ்தீன் பக்கம் திரும்பியது. ஐரோப்பாவில் கொடுந்துயருற்ற யூதர்களுக்கு என்ன வழி என்று அதிபர் வினவினார். தீங்கிழைத்தவர்கள் ஜெர்மானியர், ஈடு செய்ய வேண்டியவர்களும் அவர்களே, அரபியர் என்ன குற்றம் செய்தனர் என்பது மன்னரின் மறுமொழி. அரபு மக்களுக்குப் பகையான எச்செயலும் செய்யேன் என்று ரூஸ்வெல்ட் உறுதி கூறினார். ஏப்ரல் 5-ஆம் நாள் கடிதம் வாயிலாகவும் அதனை உறுதிப்படுத்தினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 12 அன்று, அவர் காலமானார்.

இங்கே வரலாற்றாசிரியன் ஒன்றை மறைக்கலாகாது. கப்பல் சந்திப்புக்கும் அக்கடிதத்துக்கும் இடைப்பட்ட மார்ச் மாதத்தில், ஸியோனிஸத் தலைவர்களிடம் தம் ஆதரவில் மாற்றமில்லை என்றும் ரூஸ்வெல்ட் தெரிவித்திருந்தார். ஒரே நாவினின்று இருவருக்கும் இரு வேறு சொற்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்றை அரபியில் உரைத்தவர் எட்டி. மன்னரோ அதனை ஒரு மனிதரின் சொல்லாகக் கொள்ளவில்லை. ஒரு நாட்டின் சொல்லாகவே கொண்டார்.

அடுத்து அதிபரான ட்ரூமன், அவ்வாண்டின் இறுதியில் மத்தியக் கிழக்குத் தூதர்களை அழைத்துப் பேசினார். எட்டியும் உடனிருந்தார். ஸியோனிஸத்தின் வெற்றியை விரும்பும் வாக்காளர் தமக்கு ஏராளம். அரபு வாக்காளரோ அவ்வாறு இல்லை என்ற கருத்தை ட்ரூமன் வெளியிட்டதாக எட்டி பின்னாளில் எழுதினார். 1946-இல் ஜித்தாவை விட்டு வாஷிங்டன் சென்று வெளியுறவுத் துறையில் உயர்பதவி ஏற்ற அவர், 1947-இல் அதனைத் துறந்தார். பலஸ்தீன் கொள்கையில் அவருக்கிருந்த மாறுபாடு ஊரறிந்தது. அவ்வாண்டு நவம்பர் 29-இல் ஐ.நா. சபை பலஸ்தீனைப் பிரிக்கத் தீர்மானித்தது. அமெரிக்காவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

எட்டியை மாசற்றவராகப் போற்ற வேண்டியதில்லை. தம் நாட்டின் நலனையே அவர் நாடினார். அரபு எண்ணெய் அந்நலனில் அடங்கும். பதவி துறந்தபின் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் ஆலோசகராகவும் பணியாற்றினார். ஆயினும் தாம் கொண்டு சேர்த்த சொல்லை அவர் அமானிதமாகவே கருதினார். மன்னர் மறைந்த மறு ஆண்டு, 1954-இல், அந்தச் சந்திப்பைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். சொன்னவரும் இல்லை, கேட்டவரும் இல்லை என்ற நிலையில், சொல்லுக்குச் சாட்சியாக நின்றவர் அவரே.

1962-இல் பெய்ரூத்தில் காலமான எட்டி, பிறந்த மண்ணான ஸைதாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1948-இல் வீடிழந்து வந்த பலஸ்தீனியரின் அகதி முகாம் அந்நகரின் அருகிலேயே இருக்கிறது. மீறப்பட்ட வாக்கின் விலையைச் செலுத்தியவர்கள், அதைச் சுமந்தவர் துயிலும் ஊரிலேயே வந்து தங்கினர்.