சாப்பாடு நெஞ்சிலேயே நிக்குதா? எண்டோஸ்கோப்பி 'நார்மல்' என்றாலும் ஏன் விட்டுவிடக் கூடாது?

"இட்லிகூட ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சாத்தான் இறங்குது" என்று சொல்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அசிடிட்டி மாத்திரைதான். நெஞ்செரிச்சல் அவ்வளவு சகஜம் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் விழுங்குவதே சிரமமாக இருந்தால், மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

உணவுக்குழாய் வெறும் பைப் இல்லை. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இந்தத் தசைக்குழாய், அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளும். வயிற்றின் வாசலில் உள்ள வால்வு போன்ற தசை அந்த நேரத்தில் தளர்ந்து வழிவிடும். குழாய் குறுகினாலும் சிக்கல்தான். அலையோ வால்வோ சொதப்பினாலும் சிக்கல்தான்.

இரண்டில் எது? டாக்டரின் ஒரே கேள்வி நிறைய சொல்லிவிடும்: சிக்குவது சோறு மட்டுமா, தண்ணீருமா? முதலில் சப்பாத்தி, இறைச்சி, அப்புறம் சோறு, கடைசியில் கஞ்சி என்று கூடிக்கொண்டே போனால் வழி குறுகுகிறது. தழும்போ கட்டியோ இருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சிக்கினால் சந்தேகம் தசை, நரம்பு பக்கம் போகும்.

எப்படியிருந்தாலும் முதல் டெஸ்ட் எண்டோஸ்கோப்பிதான். புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். உடம்பு இளைப்பது, ரத்த வாந்தி, ரத்தசோகை இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. உள்ளே பார்க்க நன்றாக இருந்தாலும் சிறு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அலர்ஜி சார்ந்த ஈசினோஃபிலிக் அழற்சி இளைஞர்களுக்கும் வரும்; கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்.

பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ரிப்போர்ட் 'நார்மல்', ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. 'டென்ஷன்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அகலேசியா என்ற நோய் ஆரம்பத்தில் இப்படித்தான் ஒளிந்திருக்கும். வால்வைத் தளர்த்தும் நரம்பு செல்கள் அழிந்துபோவதால் வாசல் திறக்காது. ஆண்டுக்கு லட்சத்தில் ஏறக்குறைய ஒருவருக்கே புதிதாக வரும் அரிய நோய் என்பதால், கண்டுபிடிக்கவே சிலருக்கு வருஷக்கணக்காகும். படுத்தால் செரிக்காத சாப்பாடு தொண்டைக்கு வருவது, ராத்திரி இருமல் ஆகியவை இதன் அடையாளங்கள். அதனால்தான் இதை ரிஃப்ளக்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே கைகொடுப்பவை இரண்டு டெஸ்ட்கள். பேரியம் திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாயின் அடிப்பகுதி பறவையின் அலகு மாதிரி கூராகத் தெரியும். இன்னொன்று ஹை ரெசல்யூஷன் மேனோமெட்ரி. பெயர்தான் பயமுறுத்தும். மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, விழித்திருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விழுங்கச் சொல்வார்கள். அசௌகரியம்தான், தாங்கிக்கொள்ளலாம். வால்வு தளர்கிறதா, அலை ஓடுகிறதா என்பதை சென்சார்கள் காட்டிவிடும். ட்ரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவை ரிசல்ட்டைக் குழப்பும்.

அகலேசியாவில் மூன்று வகைகளைப் பிரிப்பதும் இதே டெஸ்ட்தான். சிகிச்சை அதைப் பொறுத்தது: பலூனால் விரிக்கலாம், லேப்ராஸ்கோப்பியில் தசையை வெட்டலாம், அல்லது ஜப்பானில் 2008-ல் தொடங்கிய 'போயம்' முறையில் எண்டோஸ்கோப்பி வழியாகவே வெட்டலாம். மூன்றாம் வகைக்குப் பெரும்பாலும் போயம்தான் பரிந்துரை. செத்த நரம்பு திரும்ப வராது. ஆனால் வாசல் திறந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாடு இறங்கிவிடும்.