மெக்சிக்கோ நாட்டார் கதைப்பாடல்களில் வன்முறை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மெக்சிக்கோ மக்களின் நாட்டார் கதைப்பாடல் 'கொறிடோ' எனப்படும். ஸ்பானியக் கதைப்பாடல் மரபிலிருந்து கிளைத்த இவ்வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்தன்மை பெற்று வளர்ந்தது. ஆண்டையும் இடத்தையும் பெயரையும் கூறித் தொடங்குவதும், பாடகன் விடைபெறுவதோடு முடிவதும் அதன் பொது அமைப்பாகும். கொலையும் பழிவாங்கலும் அதன் பெருவழக்கான பொருள்கள். இதனைக்கொண்டு, வன்முறையிலே இன்பங்காணும் மக்களின் பாடல் இதுவென முடிவுகட்டுதல் எளிது. நாம் எழுப்பவேண்டிய வினாவோ வேறு: அவ்வன்முறை எவரால் எவர்மீது நிகழ்த்தப்படுகின்றது? எவரது நிலைநின்று அது பாடப்படுகின்றது?

1846 முதல் 1848 வரை நடைபெற்ற போரின் முடிவிலே செய்யப்பட்ட குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கை, றியோ கிறாண்டே ஆற்றை டெக்சாசின் எல்லையாக்கியது. ஆற்றின் வடகரையில் வாழ்ந்த மெக்சிக்கர் தம் சொந்த மண்ணிலேயே அந்நியராயினர். நிலம் கைமாறியது, நீதிமன்றத்தின் மொழியும் மாறியது. 1901 யூன் மாதம் கார்ன்ஸ் மாவட்டத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். குதிரைத் திருட்டொன்றைப்பற்றி விசாரிக்க வந்த ஷெரிப், கிறகோறியோ கோர்த்தெஸ் என்னும் விவசாயியிடம், அண்மையில் ஆண்குதிரை எதனையும் பண்டமாற்றுச் செய்தாரா என மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பெண்குதிரையையே மாற்றியிருந்த கோர்த்தெஸ் இல்லையென்றார். அவ்வுண்மை பொய்யாகக் கொள்ளப்பட்டது. ஷெரிப்பின் துப்பாக்கி கோர்த்தெஸின் சகோதரரைக் காயப்படுத்தியது. கோர்த்தெஸ் சுட்டதில் ஷெரிப் இறந்தார். பத்து நாட்கள் பெரும்படையொன்று அவரைத் துரத்தியது. அதனிடையே மற்றுமொரு ஷெரிப்பும் கொல்லப்பட்டார். முதற் கொலைவழக்கில் இறுதியில் விடுதலை பெற்ற கோர்த்தெஸ், இரண்டாவதற்காக ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்று, 1913 இல் மன்னிக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சிபற்றி எழுந்த கொறிடோவை ஆராய்ந்து அமெரிக்கோ பரேடெஸ் 1958 இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். பாடலிலே கொலையைவிடத் துரத்தலே பெரிதாகப் பேசப்படுகின்றது. பலர் சேர்ந்து ஒருவனைத் துரத்துவதும், அவ்வொருவன் அஞ்சாது நிற்பதுமே அதன் உயிர்நிலை. சட்டத்தால் பேசவிடப்படாத மக்கள் தமது தீர்ப்பினைப் பாடலாக வழங்கினர் எனலாம்.

ஆயினும், மக்களின் தீர்ப்பு என்பதனாலேயே அது நீதியானதாகிவிடாது. 'றொசிற்றா அல்விறெஸ்' என்னும் புகழ்பெற்ற கொறிடோவை நோக்குவோம். தாயின் எச்சரிக்கையை மீறி நடனத்திற்குச் சென்ற றொசிற்றா, தன்னோடு ஆட அழைத்த ஒருவனை மறுக்கின்றாள். அவன் அவளைச் சுட்டுக் கொல்கின்றான். ஆடவரை அவமதித்தல் ஆகாது என்னும் படிப்பினை, பரவலாக வழங்கும் வடிவங்களில், சாகும் அவளது வாயிலேயே வைக்கப்படுகின்றது. ஷெரிப்பின் துப்பாக்கியை வினாவுக்குட்படுத்திய அதே மரபு, இங்கு ஆடவனின் துப்பாக்கிக்கு முன்னால் பெண்ணுக்கே புத்தி கூறுகின்றது. கொறிடோவின் வீரம் ஆண்மையோடு பிணைந்திருப்பதன் விளைவு இது.

போதைப்பொருட் கடத்தலைப் பாடும் பிற்காலக் கொறிடோக்களில் இப்பிணைப்பு நீடிக்கின்றது. மக்களின் வழக்கோ மெலிகின்றது. சட்டத்தை எதிர்க்கும் தனிமனிதன் பழைய தோற்றத்தோடேயே நிற்கின்றான். ஆனால் அவன் எதிர்ப்பு எவருக்காக என்பது மங்கிவிடுகின்றது. 1992 இல் கொல்லப்பட்ட சலினோ சாஞ்செஸ் போன்றோர் பணம் பெற்றுக்கொண்டு தனிமனிதரைப்பற்றிப் பாடல்கள் இயற்றினர். புகழ் விலைப்பொருளாகியபோது புகழப்படும் வீரமும் அவ்வாறாயிற்று.

எனவே, நாட்டார் பாடல் என்பதனாலேயே ஒரு பாடலை முற்போக்கானதெனப் போற்றுவதும், வன்முறையைப் பாடுகின்றது என்பதனாலேயே அதனை இழித்துரைப்பதும் ஒருசேரத் தவறாகும். கோர்த்தெஸின் பக்கம் நின்ற பாடகர் மரபு றொசிற்றாவின் பக்கம் நிற்கத் தவறியது. இவ்விரண்டினையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே அம்மக்களின் வரலாறு முழுமையாகப் புலப்படும்.