ஸ்டெப்னின்னு ஒரு தெரு

2006-ல புனேவுக்கு வந்த புதுசு. ப்ராஜெக்ட்ல எனக்குன்னு தனியா வேலை கிடையாது. யாராவது லீவு போட்டா அவங்க சீட்ல உக்காரணும், அவ்ளோதான். கஸ்டமர்கிட்ட அறிமுகப்படுத்தும்போது மேனேஜர், "இவர்தான் எங்க ஸ்டெப்னி"ன்னார். ரூமே சிரிச்சுது. நம்மூர்ல அந்த வார்த்தைக்கு 'சின்ன வீடு'ன்னும் ஒரு அர்த்தம் இருக்கே! காது சுட்டுது எனக்கு.

ராத்திரி கூகிளாண்டவரைக் கேட்டேன். லண்டன்ல இருக்கற ஸ்டெப்னிலேர்ந்து வந்த பேருன்னுதான் நினைச்சிருந்தேன். இல்லையாம். வேல்ஸ்ல லனெத்லின்னு ஒரு ஊர் (ஸ்பெல்லிங்கைப் பாத்துப் படிச்சா நாக்கு சுளுக்கிக்கும்). அங்க ஸ்டெப்னி தெருவுல தொழில் பண்ணின தாமஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1904-ல கண்டுபிடிச்சது இது.

அந்தக் காலத்து கார்ல மாத்து சக்கரமே கிடையாது. பஞ்சர்னா நடுரோட்டுல டயரை நெம்பி, ட்யூபை உருவி, ஒட்டுப்போட்டு, காத்தடிச்சு... மழை வந்தா கதை கந்தல். டேவிஸ் சகோதரர்கள் செஞ்சது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதுமேல காத்தடிச்சு ரெடியா ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்டவே வேணாம், அதோட பக்கத்துல இதை க்ளாம்ப் போட்டு மாட்டிட்டு ஓட்டிக்கலாம். அப்புறம் முழுசா கழட்டி மாட்டற சக்கரம் வந்துது. அவங்க சரக்கு காணாமப் போச்சு. தெருப்பேர் மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு. பிரேசில்லகூட இன்னிக்கும் இதுக்கு 'எஸ்டெப்பே'ன்னுதான் பேர். இங்கிலாந்துல 'ஸ்டெப்னி'ன்னு கேட்டா முழிப்பாங்க, அது வேற விஷயம்.

எங்கப்பா சேலத்துல அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். சவாரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி முதல்ல டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டிப் பாப்பார், அப்புறம்தான் சாமி படத்துக்குப் பூ. அவர்கிட்ட ஆபீஸ் கதையைச் சொன்னேன். அவருக்கு அதுல சிரிக்கவோ கோவப்படவோ ஒண்ணுமே தெரியல. "நல்லதாத்தானேடா சொல்லியிருக்கார்"ன்னார்.

2020-ல சட்டம் மாறிச்சு. சின்ன வண்டில ட்யூப்லெஸ் டயர், காத்து குறைஞ்சா காட்டற சென்சார், பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லை. போன வருஷம் வாங்கின என் கார்லயும் இல்லை. ஊருக்கு ஓட்டிட்டுப் போனேன். அப்பா டிக்கியைத் திறந்தார். அடில விரிச்சிருந்த அட்டையைத் தூக்கிப் பாத்தார். மறுபடி பாத்தார்.

"ஏன்டா, திருடிட்டானுங்களா?"